வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதல் உலகப் போரை ஒட்டி ஐரோப்பாவில் எழுந்த நவீனத்துவப் புனைகதைகளில், அதாவது பழைய கதைசொல்லும் முறைகளை உடைத்து எழுதப்பட்ட கதைகளில், அக்காலச் சமூகக் கொந்தளிப்பு எவ்வாறு படிந்திருக்கிறது என்பதையே இவ்வாண்டு வாசிப்புக்குரிய பொருளாகச் செயற்குழு எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு கூட்டங்களில் பதினொன்று நடைபெற்றன. நூற்படிகள் உரிய நேரத்தில் வந்து சேராததால் ஒன்று கைவிடப்பட்டது.

"போர்க்காலத்து நாவல் என்கிறீர்கள், போர்க்களம் எங்கே?" என்று முதல் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' (1925) நாவலில், 1923 ஜூன் மாதத்து ஒரு காலையில், லண்டன் கடைத்தெருவில் கார் ஒன்று வெடிச்சத்தம் எழுப்புகிறது. பூ வாங்க வந்த கிளாரிஸா துப்பாக்கிச் சத்தமோ என்று துணுக்குறுகிறாள். போரிலிருந்து திரும்பிய செப்டிமஸோ உலகமே தீப்பற்றிக்கொள்ளப் போவதாக உணர்ந்து, நகர முடியாமல் நிற்கிறான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் தட்டிக்கழித்த அந்த மனிதனின் சாவு, அன்றிரவு கிளாரிஸாவின் விருந்தில் பேச்சோடு பேச்சாக வந்து விழுகிறது. போர்க்களம் அங்கேதான் இருக்கிறது என்பதே கூட்டத்தின் பதிலாக அமைந்தது.

அதே ஆசிரியரின் 'கலங்கரை விளக்கத்துக்கு' (1927) நாவலில், ஆளில்லாத வீட்டில் தூசு படிவதைப் பக்கம் பக்கமாக விவரித்துச் செல்லும் பகுதியில், அவ்வீட்டு மகன் பிரான்சில் குண்டு வெடித்து இறந்த செய்தி சதுர அடைப்புக்குறிக்குள் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. முதல் வாசிப்பில் அவ்வரிகளைக் கவனியாமல் கடந்தவர்களில் நானும் ஒருவன். தனிமனிதச் சாவுக்கு அதுவரை நாவல் அளித்துவந்த இடத்தைப் போர் பறித்துக்கொண்டதை, எந்தப் போர் வருணனையையும்விட அந்த அடைப்புக்குறி எனக்கு உறைக்கச் சொன்னது.

எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்ற மறுப்பும் எழுந்தது, அது நியாயமே. 1915இல் வெளியான காஃப்காவின் 'உருமாற்றம்', போர் தொடங்குவதற்கு முன்பே, 1912இலேயே எழுதப்பட்டது. பூச்சியாக மாறிக் கண்விழிக்கும் கிரெகோர் தன் உடலை எண்ணிப் பதறுவதைவிட, தவறவிட்ட ஐந்து மணி ரயிலை எண்ணியே அதிகம் பதறுகிறான். சற்று நேரத்தில் அலுவலகத் தலைமை எழுத்தர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவர் எழுதிய கதை அது என்பதை நினைவில் கொண்டு படித்தபோது, அரங்கில் சிரிப்பு மெல்ல அடங்கியது.

ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' (1922) பாதியில் நிற்கிறது. மீதியை வரும் ஆண்டின் முதல் மூன்று கூட்டங்களுக்கு ஒதுக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்