சான்றிதழுக்குப் பின்னால் பயிற்சி இருக்கிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டுநர்களின் கவனக்குறைவே ரயில் விபத்துகளுக்குக் காரணம் என்பதால் அவர்களுக்கான தகுதிச் சான்றிதழ் விதிகளை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று சென்ற இதழின் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். லோகோ பைலட்டாக, அதாவது ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த ஒரு வரி ஆறாத வருத்தத்தைத் தந்தது.

விதிகள் இப்போதே எவ்வளவு கடுமையானவை என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். 45 வயது வரை 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை, 55 வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும் மருத்துவத் தேர்வு உண்டு. ஒரு பாதையில் 3 மாதங்களுக்கு மேல் வண்டி ஓட்டாதிருந்தால், எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் மீண்டும் எல்.ஆர். (வேறு ஓட்டுநருடன் வண்டியில் சென்று பாதையைக் கற்கும் பயணம்) போய்ப் பாதையைக் கற்ற பிறகே அங்கே ஓட்ட முடியும். இவற்றை நாங்கள் ஒருநாளும் சுமையாகக் கருதியதில்லை.

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தின் ரங்காபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் சரக்கு வண்டி மோதியபோது, சரக்கு வண்டியின் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்று அன்றே அறிவித்துவிட்டார்கள். அவரோ உயிருடன் இல்லை. பின்னர் வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வேறு கதையைச் சொன்னது. அதிகாலையிலேயே தானியங்கி சிக்னல்கள் பழுதாகியிருந்தன. சிக்னல்களைக் கடக்க ஓட்டுநர்களுக்குத் தரப்பட்ட டி.ஏ. 912 சீட்டில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது எழுதப்படவில்லை. அதே சீட்டைப் பெற்ற ஓட்டுநர்கள் ஆளுக்கொரு வேகத்தில் சென்றிருக்கிறார்கள். தானியங்கி சிக்னல் பகுதியில் பணிபுரியத் தேவையான பயிற்சியும் விளக்கமும் அவர்களுக்குப் போதிய அளவு தரப்படவில்லை என்பதையும் ஆணையர் பதிவுசெய்தார். அத்தனை பேரும் ஒரே நாளில் கவனக்குறைவாக இருந்தார்கள் என்றா தாங்கள் கருதுகிறீர்கள்?

பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை என் பணிக்காலத்திலேயே கண்டவன் நான். புத்தாக்கப் பயிற்சிக்கு நாள் வந்தாலும், ஆள் இல்லை என்று சொல்லி மீண்டும் வண்டிக்கே அனுப்புவார்கள். புதிய சிக்னல் முறையைப் பற்றிய விளக்கம் லாபியில், அதாவது ஓட்டுநர்கள் பணிக்கு வந்து பதிவுசெய்யும் அலுவலகத்தில், சைன் ஆன் செய்யும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்; பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டதும் எல்லாம் கற்றுத் தேர்ந்தவர்களாகிவிடுவோம். இரவு முழுதும் சரக்கு வண்டி ஓட்டிவிட்டு வந்தவரை வகுப்பில் உட்காரவைத்தால் அவர் மனத்தில் எது பதியும்? ஆள் பற்றாக்குறை என்று நான் சொல்வதை மிகையென்று நினைக்க வேண்டாம். 2024இல் உதவி லோகோ பைலட் பணிக்கு 5,696 இடங்கள் என்று அறிவித்த நிர்வாகமே சில மாதங்களில் அதை 18,799 ஆக உயர்த்தியது.

எங்கள் உடல் தகுதியை இத்தனை நுணுக்கமாகச் சோதிப்பவர்கள், அந்த உடலுக்கு வேண்டியதைக் கேட்டால் மறுக்கிறார்கள். உணவுக்கும் கழிப்பறைக்கும் இடைவேளை வேண்டும் என்ற கோரிக்கை, நடைமுறையில் இயலாதது என்று 2025இல் நிராகரிக்கப்பட்டது. பல இன்ஜின்களில் இன்றும் கழிப்பறை கிடையாது. பெண் லோகோ பைலட்டுகள் படும் பாட்டை நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் திருவனந்தபுரம் கோட்டம், மது அருந்தியிருக்கிறார்களா என்று பார்க்கும் மூச்சுச் சோதனையைக் காரணம் காட்டி, பணிக்கு முன் இளநீர்கூடக் குடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. அந்த உத்தரவைப் படித்த அன்று, எங்களை எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பது நன்றாகவே விளங்கியது.

விதிகளைக் கடுமையாக்குவதை நான் எதிர்க்கவில்லை. சான்றிதழ் தருவதற்கு முன் உண்மையான பயிற்சியும், அந்தப் பயிற்சிக்கு முன் முழு ஓய்வும் தரப்பட்டனவா என்பதற்கு அதிகாரிகளும் கையெழுத்திட வேண்டும் என்ற விதியையும் அதோடு சேருங்கள் என்றே கேட்கிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ரங்காபாணி விபத்து அறிக்கையில் பயிற்சிக் குறைபாட்டைப் பற்றிக் கூறப்பட்டுள்ள பகுதியை, தலையங்கம் வெளிவந்த அதே பக்கத்தில், அடுத்த இதழில் வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோகோ பைலட்,
ஜோலார்பேட்டை