குண்டூசிக்கு, தாராவியிலிருந்து

அடியே குண்டூசி,

உன் மூன்று மெசேஜுக்கும் பதில் போடவில்லை, தெரியும். தீபாவளிக்கு வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம், மாமியாருக்கு முட்டிவலி, மழை விட்டபாடில்லை. எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

90 அடி ரோட்டுக்குப் பின்னால் சந்தில் நான் எடுக்கிற தமிழ் வகுப்பு நினைவிருக்கிறதா? பதினாலு வாண்டுகள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், சந்தில் பம்பாய் இந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் மராத்தியும். இதில் குறில் நெடில்தான் எனக்கு எமன், அதிலும் எ, ஏ. இந்தியிலும் மராத்தியிலும் குறில் எகரத்துக்குத் தனி எழுத்தே இல்லையே, பாவம் அதுகள் என்ன செய்யும்? ஒருத்தன் 'ஏழு, ஏட்டு, ஒன்பது' என்று எழுதி வைத்தான். நடுவில் போலீஸ் வந்து நிற்கிறது!

போன மாதம் ஒருநாள் கரண்ட் போய்விட்டது, போர்டு தெரியவில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு இரண்டு என்றேன். பாதிப் பேருக்குச் சொடக்கே வரவில்லை. சரி, குதியுங்கள் என்றேன். 'கல்' என்றால் நின்ற இடத்தில் ஒரு குதி, 'கால்' என்றால் இழுத்துச் சொல்லிக்கொண்டே அகலமாக ஓர் எட்டு. பல், பால். படம், பாடம். மூன்று மாதமாக வாயே திறக்காத அந்த ஏட்டுப் பயல், நான் 'படம்' என்று சொல்லிவிட்டு அகலக் கால் வைத்ததும், "மிஸ், தப்பு, அது பாடம்!" என்று கத்தினான் பார். நான் வேண்டுமென்று தப்புப் பண்ணவில்லை என்பது நமக்குள் இருக்கட்டும்.

அப்புறம்தான் உறைத்தது. மாத்திரை என்றால் கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறதே, நம் தமிழையா தொண்டை கிழியக் கத்தினாரே! குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அதைக் கையைக் கட்டி உட்கார வைத்து மனப்பாடம் பண்ண வைத்தார்கள், நானும் பத்து வருஷமாக அதையேதான் செய்திருக்கிறேன். பிள்ளைத்தமிழில் குழந்தை அசைந்து செங்கீரை ஆடுவதற்கும் கைதட்டிச் சப்பாணி கொட்டுவதற்கும் தனித்தனிப் பருவமே உண்டு, எழுத்து என்று வந்துவிட்டால் மட்டும் ஆடாதே அசையாதே. கீழ்வீட்டுக்காரர் வேறு, "மேலே என்ன, தினமும் கல்யாணமா?" என்கிறார்.

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. ஒரு குட்டிப்பெண், அ முதல் ஃ வரை ராகம் போட்டுப் பாடுவாள், அப்படி ஓர் அழகு. சுவர் அட்டவணையில் 'ஐ'மேல் விரல் வைத்து என்னவென்று கேட்டேன். சொல்லிவிட்டாள். ஆனால் சொல்வதற்கு முன் உதடு அசைந்தது, அ-விலிருந்து வரிசையாகப் பாடிக்கொண்டே வந்திருக்கிறாள். அதே எழுத்தைத் தனி அட்டையில் நீட்டினால் முழிக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது பாட்டுதான், எழுத்து இல்லை. அவள் அம்மா அந்தப் பாட்டு வீடியோவை ஊரில் ஒருவர் விடாமல் அனுப்பிவிட்டாள், நான் எந்த வாயால் சொல்வேன்? இதில் என் தப்பும் இருக்கிறது, பாட்டு வந்துவிட்டதென்று அங்கேயே நின்றுவிட்டேன்.

இப்போது ஒரு நிலாப் பாட்டைப் பெரிய தாளில் எழுதி மாட்டிவிட்டு, ஒரு பிள்ளை கையில் குச்சியைக் கொடுக்கிறேன். பாடுகிற சொல்லில் குச்சி இருக்க வேண்டும். திடீரென்று "நில்!" என்பேன். பாட்டு 'நிலா'வில் நிற்கும், குச்சி இரண்டு சொல் தள்ளிப்போயிருக்கும். ஒரே சண்டை. குட்டிப்பெண்ணுக்கு மட்டும் எழுத்துகளை வரிசை மாற்றித் தரையில் எழுதிப்போட்டுக் குதிக்கச் சொல்கிறேன். நேற்று ஐந்தில் மூன்று சரியாகக் குதித்தாள். 'ஐ' இன்னும் வரவில்லை.

உன் மாமியார் பேத்தியை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே ஒன்று பாடுவாரே, அதை ஃபோனில் பதிவு பண்ணி அனுப்பு. கூடச் சேர்ந்து நீ பாடாதே தாயே, ஏழாம் வகுப்பு ஆண்டுவிழாவை இன்னும் யாரும் மறக்கவில்லை.

உன்
ஒட்டடைக்கம்பு