இன்டர்நெட்டை வளர்த்ததே தனியார்தானாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் கட்டுரைல "அரசாங்கம் ஒதுங்கி நின்னதாலதான் இன்டர்நெட் வளர்ந்துச்சு"ன்னு ஒரு வரி. படிச்சதுல இருந்து மனசு ஆறல சார். உங்களுக்குத் தெரியாததா? 1969ல இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் ஓடுனது அமெரிக்க ராணுவத் துறை காசுல, அப்புறம் பல்கலைக்கழகங்களை எல்லாம் இணைச்ச என்எஸ்எஃப்நெட்டுக்கும் அரசாங்கப் பணம் போச்சு, 1995ல அதை மூடிட்டு முதுகெலும்பு மாதிரி இருந்த முக்கிய இணைப்பு மொத்தத்தையும் தனியார் கைல விட்டாங்க. உழுதவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன். இப்ப அறுத்தவன்தான் விவசாயியாம்!

போட்டி இருந்தா சேவை தன்னால சரியாகும்னும் எழுதியிருக்கீங்க. என் கதையக் கேளுங்க. லைன் அடிக்கடி போகுதேன்னு ரெண்டாவது கம்பெனி கனெக்‌ஷனும் வாங்கி வச்சேன். ஒரு நாள் ரெண்டு பெட்டிலயும், சிக்னல் வரலன்னு காட்டுற எல்ஓஎஸ் லைட் ஒண்ணா செவப்பா மினுக்குது. ரிப்பேருக்கு வந்த தம்பி சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, கம்பம் வரைக்கும் ரெண்டுமே ஒரே ஃபைபர்தான் சார், பள்ளம் தோண்டுனவங்க அறுத்துட்டாங்கன்னு. பில்லு மட்டும் ரெண்டு!

ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம்ல 1994லயே நகராட்சி ஸ்டோகாப்னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சு ஃபைபரை மட்டும் பதிச்சு வாடகைக்கு விடுது, கம்பெனிங்க எல்லாம் அது மேல போட்டி போட்டுக்குது. வயர் பொதுச்சொத்தா இருக்கட்டும், சேவைல மோதிக்கோங்கன்னுதான் நானும் சொல்றேன். அமெரிக்காவுல சட்டனூகா ஊர்ல நகரத்து மின்வாரியமே 2010ல நொடிக்கு ஒரு கிகாபிட் நெட் வேகம் குடுத்துச்சு. ஆனா அதோட மின்சார எல்லையத் தாண்டி பக்கத்து ஊருக்குக் குடுக்க மாநிலச் சட்டம் விடல. நல்லா ஒதுங்கி நின்னாங்க போங்க.

அரசாங்கம்னா யோக்கியம்னு நான் சொல்ல வரல, ஒரே உத்தரவுல ஊர் நெட்டையே அணைக்கிறதும் அவங்கதான். ஆனா அந்த உத்தரவு வந்தா தனியார் கம்பெனியும் மூச்சு விடாம அணைக்கத்தானே செய்யுது, அதை ஏன் சார் உங்க ஆளு எழுதல?

முன்னாடி நான் எழுதுன கடிதத்தைப் பாதியா வெட்டி, மேல கேலியா ஒரு தலைப்பும் வச்சுப் போட்டீங்க. பெரிய பத்திரிகை, பேசாம இருந்துட்டேன்.

இப்பக் கேக்குறது ஒண்ணுதான். கட்டுரையோட போட்ட காலவரிசைப் பெட்டி 1995ல ஆரம்பிக்குது. அதுல 1969ஐயும், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்துற செர்ன் ஆய்வுக்கூடம் வெப்பை (www) இலவசமா உலகத்துக்கே விட்டுக்குடுத்த 1993ஐயும் சேர்த்து அடுத்த இதழ் திருத்தப் பகுதில போடுங்க. சின்ன எழுத்துல போட்டாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ரெண்டு பில் கட்டும் வாசகன்