வியாழனின் விட்டத்தை எங்கிருந்து அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த சூரியக் குடும்ப அட்டவணையில் எட்டுக் கோள்களின் விட்டமும் அடுத்தடுத்து அச்சாகியிருந்தது. எண்கள் சரி. ஆனால் பூமியின் 12,756 கி.மீ.யும் வியாழனின் 1,42,984 கி.மீ.யும் ஒரே மாதிரி அளந்தவை அல்ல.

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்குக்கும் தரை உண்டு. விட்டம் அங்கே முடிகிறது. வியாழனுக்குத் தரை கிடையாது. வாயுவின் அழுத்தம் 1 பார், அதாவது ஏறக்குறைய நம் கடல்மட்டக் காற்றழுத்தம், இருக்கும் மட்டத்தை மேற்பரப்பு என வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேலும் வாயு, கீழும் வாயு. 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கருவி பாராசூட்டில் அதற்குள் இறங்கி ஏறக்குறைய 58 நிமிடம் தகவல் அனுப்பியது. அழுத்தம் 20 பாரைத் தாண்டிய பின் அடங்கியது. அதுவரை எதிலும் மோதவில்லை. 1982-ல் வெள்ளியில் இறங்கிய சோவியத் விண்கலம் வெனிரா 13-க்கோ 450 டிகிரிக்கு மேல் வெப்பம், சுமார் 90 பார் அழுத்தம். இருந்தும் கால் ஊன்ற இடம் இருந்ததால் தரையில் நின்று 127 நிமிடம் வேலை செய்தது.

அதற்காக வாயுக்கோளைப் புகைமூட்டமாக நினைத்துவிட வேண்டாம். ஆழம் போகப் போக ஹைட்ரஜன் நெருக்குண்டு திரவமாகிறது. இன்னும் கீழே, பல லட்சம் பார் அழுத்தத்தில், உலோகம்போல் மின்சாரம் கடத்துகிறது. வியாழனின் வலுவான காந்தப்புலத்துக்கு அதுவே ஊற்று. சனி தண்ணீரில் மிதக்கும் என்று எழுதுவதும் வாடிக்கையாகிவிட்டது. கன சென்டிமீட்டருக்கு 0.69 கிராம் என்பது முழுக்கோளின் சராசரி. மையப்பகுதி தண்ணீரைவிடப் பல மடங்கு அடர்ந்தது.

பெரிய கோளில் எடை ஏகமாய்க் கூடும் என்பதும் பொதுவிதி இல்லை. சனியின் நிறை பூமியைப்போல் 95 மடங்கு, ஆரம் சுமார் 9.4 மடங்கு. ஈர்ப்பு நிறையால் கூடும், ஆரத்தின் வர்க்கத்தால் குறையும். 95-ஐ 9.4-இன் வர்க்கத்தால் வகுத்தால் ஒன்றுக்குச் சற்றே மேல்! வேகச் சுழற்சியையும் கழித்தால், நடுக்கோட்டில் பூமியைவிடக் குறைவுதான்.

யுரேனஸையும் நெப்டியூனையும் வாயு வரிசையில் சேர்ப்பது பழைய வழக்கம். வியாழனும் சனியும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம். யுரேனஸிலும் நெப்டியூனிலும் அந்த வாயுக்கள் நிறையில் சிறுபங்குதான். மீதியில் பெரும்பங்கு, வானியலில் ‘பனி’ எனப்படும் நீர், அம்மோனியா, மீத்தேன் போன்றவை. ஆகவே இவற்றைப் பனிப் பெருங்கோள்கள் என்கிறார்கள். பெயர்தான் பனி, உள்ளே ஆயிரக்கணக்கான டிகிரி சூடு.

வகுப்பில் மாதிரி செய்பவர்கள் 1,000 கி.மீ.க்கு 1 மி.மீ. என்று கொண்டால் கணக்கு எளிது. புதனுக்கு மிளகு, செவ்வாய்க்குச் சிறு கொண்டைக்கடலை, வெள்ளிக்கும் பூமிக்கும் சுண்டைக்காய், யுரேனஸ், நெப்டியூனுக்கு 5 செ.மீ. எலுமிச்சை. வியாழனுக்கு 14.3 செ.மீ. களிமண் உருண்டை. சனியை முழு உருண்டையாகப் பிடிக்கக் கூடாது. பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவதால் நடுவில் 120.5 மி.மீ., துருவவாக்கில் 108.7 மி.மீ. இந்த வித்தியாசமே ஏறக்குறைய ஒரு சுண்டைக்காய். தூரத்தையும் இதே அளவில் காட்டப் போனால் சூரியனிலிருந்து பூமி 150 மீட்டரில், நெப்டியூன் நாலரை கிலோமீட்டரில் நிற்கும். தூரத்துக்கு வேறு மாதிரிதான் செய்ய வேண்டும்.

அட்டவணை மறுபடி வரும்போது வெளிக்கோள்கள் நான்கின் விட்டத்துக்கும் ‘1 பார் மட்டத்தில்’ என்று ஓர் அடிக்குறிப்புச் சேர்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்.