வெறும் இரும்பை ஓர் இரவும் விட்டுவைக்கலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பித்து வைத்திருப்பவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை மிகுந்த விருப்பத்துடன் படித்தேன். இருக்கைத் துணிக்கும் குரோமியப் பூச்சுக்கும் தனித்தனிப் பத்திகள் ஒதுக்கிய அக்கட்டுரையில், துருவை அகற்றிச் சாயம் அடித்த செய்தி ஒரே வரியில் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரிக்குள் அடங்கிய வேலைதான் பழைய காரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கடல் சூழ்ந்த பினாங்கில் அந்த வேலையில் பிழை செய்தால் என்ன ஆகும் என்பதை நான் பணத்தையும் காலத்தையும் இழந்து தெரிந்துகொண்டேன். அதனால்தான் இக்கடிதம் சற்று நீண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது 1961ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர். நான்கு கதவு, 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை ஏறத்தாழ 16 லட்சம் கார்கள் உற்பத்தியான வகை இது. என் தந்தையார் இதைப் பழைய காராக வாங்கினார். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை, பெருநிலக் கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குக் காரோடு போக ஃபெர்ரியை விட்டால் வேறு வழியில்லை. வேலை நிமித்தம் அவர் வாரத்தில் பல நாள்கள் அப்படிக் கடந்தார். கார் ஒவ்வொரு முறையும் உப்புக் காற்றை வாங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் என் தந்தையார் காரின் மேல்பக்கத்தைத் துடைப்பார். அடிப்பக்கத்தைக் கழுவியதாக எனக்கு நினைவில்லை. மோரிஸ் மைனருக்குத் தனியாகச் சேஸி என்னும் அடிச்சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் 'சில்' என்ற பெட்டிப் பகுதியும், குறுக்குத் தாங்கியும் சேர்ந்தே காரின் எடையைச் சுமக்கின்றன. ஆகையால் அந்த இடங்களில் பிடிக்கும் துரு, அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. காரின் முதுகெலும்பையே அரிக்கிறது.

தந்தையார் காலமான பிறகு, காரைப் புதுப்பிக்க ஒரு பட்டறையில் விட்டேன். நான் அப்போது கப்பல் பழுதுபார்க்கும் துறையொன்றில் சாயப் பிரிவில் வேலையில் இருந்தேன், மேற்பார்வைக்கு நேரமில்லை. நான்கு மாதம் கழித்துப் பளபளவென்று வந்த காரைப் பார்த்து என் தாயார் கண் கலங்கினார். இரண்டு மழைக்காலம் சென்றது. முன் மட்கார்டின் கீழ்ப்பகுதியில், சக்கரத்துக்குப் பின்னால், கடுகு அளவில் நாலைந்து கொப்புளங்கள் தெரிந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு நீர் கசிந்தது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிச் சில்லின் மேல் நகர்த்திப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு அது ஒட்டவே இல்லை. திருப்புளியால் தட்டியதும், பள்ளத்தை நிரப்பப் பூசும் புட்டி பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. என் கட்டைவிரல் கனத்துக்குப் புட்டி, அதன் பின்னால் ஒரு கம்பி வலை, வலையின் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள், அதையும் எடுத்தால் செதில் செதிலாக உதிரும் துரு. இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் கைவிடும் அளவுக்கு ஓட்டை.

அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. துருவைச் சுரண்டி வெறும் இரும்பு வரை போவதற்கு ஆகும் மணிநேரக் கூலியைக் கேட்டால் பெரும்பாலான உரிமையாளர்கள் பேரம் பேசுகிறோம், நானும் பேசினேன். பேரத்தில் குறையும் பணம் சாயத்தில் குறைவதில்லை, ஏனென்றால் சாயம் கண்ணுக்குத் தெரியும். குறைவது அடியில் இருக்கும் வேலைதான்.

இரும்பு துருவாகும்போது முன்னிருந்த பருமனைப்போல் பல மடங்கு உப்புகிறது; அந்த உப்பலே மேலிருக்கும் சாயத்தை நெம்பித் தூக்குகிறது. துருவின் குழிகளுக்குள் கடல் உப்பு தங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எந்தச் சாயப் படலமும் ஈரத்தை முற்றாகத் தடுப்பதில்லை. உள்ளே சிக்கிய உப்பு, படலத்தின் வழியே நீரை மெல்ல மெல்லத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. நான் கிள்ளிய கடுகுக் கொப்புளம் அப்படி உண்டானதுதான். எனவே துருவை எடுப்பது என்பது சிவப்பு நிறம் மறையும்வரை தேய்ப்பதன்று. குழியின் அடி வரை துருவும் உப்பும் நீங்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் தகடு கண்ணாடிபோல் மின்னும். அந்த மினுமினுப்பு நம்பத்தக்கதன்று. சுழலும் கம்பி துருவை முழுவதும் எடுக்காமல் குழிகளுக்குள் மெழுகித் தள்ளிவிடுகிறது; தகட்டின் முகமும் வழவழப்பாகிப் பிரைமர் என்ற முதல் பூச்சுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. கம்பி பிரஷ்ஷுக்குப் பிறகு 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். அவை ஒவ்வொன்றும் துருவின் வேர். பரந்த கதவுத் தகடுகளுக்கு இந்தக் கைவேலையே போதும். காற்றழுத்தத்தால் மணலை அடித்துத் துரு நீக்கும் மணல் வீச்சைக் கவனமில்லாமல் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள தகடு நெளிந்துவிடும், பிறகு நேராக்க முடியாது. கனத்த தாங்கிகளுக்கும் ஸ்பிரிங் பிடிகளுக்கும் அது பொருந்தும். ஆனால் சாதாரண ஆற்று மணலை வீசக் கூடாது. அதன் தூள் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதால் கப்பல் துறையில் நாங்கள் கார்னெட் என்ற கனிமத்தின் மணலையே பயன்படுத்தினோம். பழைய கார்களின் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உப்புத்தாளால் தேய்ப்பவரும் நல்ல வடிகட்டியுள்ள முகமூடி அணிய வேண்டும். குழந்தைகள் விளையாடும் வீட்டு முற்றத்தில் அந்த வேலையைச் செய்யவே கூடாது.

கழற்றக்கூடிய சிறிய பாகங்களுக்கு சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகான மொலாசஸை நான் நம்புகிறேன். ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, மூடிய பீப்பாயில் இரண்டு வாரம் ஊறவிட்டால் இரும்புக்குச் சேதமில்லாமல் துரு கழன்றுவரும். நாற்றம் பொறுக்க முடியாது. அலுமினியப் பாகங்களை அதில் போடவும் கூடாது. அவசரம் உள்ளவர்கள் சலவைச் சோடா கரைத்த நீரில் 12 வோல்ட் மின்சாரம் செலுத்தித் துரு நீக்கலாம். பாகத்தை எதிர்முனையிலும் பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். நேர்முனைக்கு எவர்சில்வரைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

துருவைக் கருமையாக மாற்றும் திரவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றின் உட்பொருள் துவர்ப்புச் சத்தான டேனின். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்து நம் முன்னோர் எழுதும் மை செய்தார்களே, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருக்கும் அதே வினைதான் இதுவும். கை எட்டாத உட்பகுதிகளுக்கு அது உதவும். ஆனால் தடித்த துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டுமே மாறும். அடியில் இருப்பது அப்படியே தின்றுகொண்டிருக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்தவற்றைப் பயன்படுத்துவோர், அதை உலரவிடாமல் நன்றாகக் கழுவி நீக்க வேண்டும். அமிலப் படிவின் மேல் தங்கள் பிரைமர் ஒட்டாது என்று, எபாக்சி என்ற பிசின்வகைப் பிரைமரின் தயாரிப்பாளர்கள் பலர் எச்சரிக்கிறார்கள்.

கடலோரக் கார்களுக்கு நான் கட்டாயமாகச் செய்வது ஒன்று உண்டு. தேய்த்து முடித்த தகட்டை நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவி, சூடான காற்றால் உடனே உலர்த்தி, சில மணி நேரம் விட்டுப் பார்ப்பேன். உப்பு மிச்சமிருந்தால் அந்தக் குழிகள் மட்டும் முதலில் கறுத்து நிற்கும். என் காரின் முன் மட்கார்டில் மூன்றாம் முறை கழுவித் தேய்த்த பிறகுதான் அப்புள்ளிகள் அடங்கின.

இனி, வெறும் இரும்புக்கு முதல் பூச்சு. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு விரைந்து துருப்பிடிக்கத் தொடங்கும். பினாங்கில் இரவுதோறும் அது அந்த அளவைத் தாண்டி வெகுதூரம் போகிறது. காலையில் சுரண்டிய தகட்டுக்கு அன்று மாலைக்குள் பிரைமர் ஏற வேண்டும். நாளை அடிக்கலாம் என்று துணி போர்த்தி வைத்தால், மறுநாள் காலை செம்மஞ்சள் படிந்திருக்கும். கை வைத்த இடத்தில் விரல் ரேகை துருவாகப் பதிந்திருக்கும். ஆகவே ஒரு நாளில் முடிக்கக்கூடிய பரப்பை மட்டும் சுரண்டுங்கள். ஒரு கதவு, ஒரு மட்கார்டு, அவ்வளவுதான்.

கப்பல் துறையில் எங்களுக்குப் பாலபாடம் ஒன்று உண்டு: காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இரும்பு இருந்தாலன்றிச் சாயத் தகரத்தைத் திறக்கக் கூடாது. காலை ஏழு மணிக்குக் காற்று 26 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் பனிநிலை 25 டிகிரி. நிழலில் கிடக்கும் இரும்பு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன் மேல் படிந்திருக்கும். அதே நாள் பிற்பகலில் காற்று 32 டிகிரியாகி ஈரப்பதம் 65க்கு இறங்கினால், பனிநிலை 25க்குச் சற்றுக் கீழே, இரும்பும் சூடேறியிருக்கும். அப்போது தாராளமாக அடிக்கலாம். பொங்கல் முடிந்து தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் பினாங்கில் மழை குறைந்து வெயில் காய்வதால், பெரிய வேலைகளை நான் அதற்கென்றே ஒதுக்கி வைக்கிறேன்.

என்ன பிரைமர் என்பதில் எனக்கு ஐயமில்லை: இரண்டு பாகங்களாக வரும் எபாக்சி. நம் பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் செம்பழுப்பு ரெட் ஆக்சைடு, வேலிக் கம்பிக்கும் வாயிற்கதவுக்கும் போதும். சாயத்துக்கும் புட்டிக்கும் அடியில் பல ஆண்டுகள் ஈரத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அமிலம் கலந்த எட்ச் பிரைமர் இரும்பை நன்றாகப் பற்றும், ஆனால் அதன் படலம் மெல்லியது. அதன் மேல் நேரடியாகப் புட்டி வைத்தால் புட்டி சரியாக இறுகாமல் போகலாம். எபாக்சியோ தேய்த்த இரும்பைக் கவ்விப் பிடித்து ஈரத்தை அடைக்கிறது. அடிப்பதற்கு முன் எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். அதற்கு இரண்டு துணிகள் வேண்டும், ஒன்று நனைத்துத் துடைக்க, மற்றது ஈரம் காய்வதற்குள் வாரி எடுக்க. ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. அதன் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. கலவை விகிதத்தையும் கலந்த பின் காத்திருக்கும் நேரத்தையும் தகரத்தில் அச்சிட்டபடியே பின்பற்றுங்கள். நம் வெயிலில் கலவை விரைவில் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது நல்லது. புட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எபாக்சியின் மேல், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல், நெளிவைச் சமன்செய்யும் அளவுக்கு வைப்பதில் தவறில்லை. ஓட்டையை அடைப்பதற்கு அது பொருளன்று. ஓட்டைக்குப் புதுத் தகடு வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். சில்லின் உட்புறத்துக்கு மெழுகு பீய்ச்சி, அடியிலுள்ள வடிகால் துளைகளையும் அடைபடாமல் திறந்து வைக்க வேண்டும்.

காரைப் பட்டறையில் விடும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலையை ஒப்படைக்கும்போதே, வெறும் இரும்பு நிலையில் ஒருமுறையும் எபாக்சி அடித்த நிலையில் ஒருமுறையும் நேரில் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிடுங்கள். கூலியையும் அந்த இரண்டு நிலைகளுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். நேர்மையான பட்டறைக்காரர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். தன் உழைப்பில் பெரும்பகுதி மறைந்துபோகும் இடத்தை ஒருவர் வந்து பார்ப்பது அவருக்கும் மகிழ்ச்சியே.

எங்கள் காரில் இடது பின்கதவும், வலது பின் ஸ்பிரிங் பிடிக்கும் தாங்கியும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. வரும் தை மாதம் அவற்றைச் சுரண்டி, அன்றன்றே பிரைமர் அடிக்க இருக்கிறேன். இந்த வேலையைக் கையால் செய்து பழக விரும்பும் இளைஞர்கள் தங்கள் அலுவலகத்தின் வழியாக எனக்கு எழுதினால், நாளைக் குறித்துத் தெரிவிப்பேன். முகமூடியும் கையுறையும் நானே தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் சாயப் பிரிவு ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.