ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு ஓட நேரமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரசவ வார்டில் 27 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓர் இரவு டியூட்டியில் நடந்ததை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு எட்டாம் மாதம். பிரஷர் அதிகமாகி வந்திருந்தாள். “அக்கா, மூச்சு முட்டுது” என்றாள், அடுத்த நொடி கண் சொருகிவிட்டது, நாடி இல்லை. மல்லாக்கக் கிடத்தியபடியே மார்பை அழுத்தினோம். அப்புறம் ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தியேட்டருக்கு ஓடினோம். லிஃப்ட் வரும்வரை அவள் மார்பில் யார் கையும் இல்லை. வளைகாப்பு வளையல்கள் ஸ்ட்ரெச்சர் கம்பியில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தாயும் போனாள், பிள்ளையும் போனது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கருப்பை தொப்புள் உயரம் வந்துவிட்டால், மல்லாந்து படுக்கும்போது அது முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக் குழாய்களை நசுக்கும். எவ்வளவு அழுத்தினாலும் இதயத்துக்கு ரத்தம் போதுமான அளவு திரும்பாது. எனவே ஒருவர் மார்பை அழுத்த, இன்னொருவர் வயிற்றைக் கர்ப்பிணியின் இடப்பக்கமாக ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். கீழ்நோக்கி அமுக்கக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 செ.மீ. ஆழம், இதில் கர்ப்பிணி என்று தயவு பார்க்கக் கூடாது. தேவைப்பட்டால் இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கவும் தயங்க வேண்டாம். ட்ரிப் கையில்தான் போட வேண்டும், காலில் அல்ல. பிரஷர் அதிகமானவர்களுக்கு வலிப்பு வராமலிருக்க ஏற்றும் மெக்னீசியம் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, அதற்கு மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் போட வேண்டும்.

நான்கு நிமிடத்தில் நாடி திரும்பவில்லையா, கிடக்கிற இடத்திலேயே வயிற்றைத் திறந்து ஐந்தாவது நிமிடத்துக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும். 1986-லேயே அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் எழுதிவைத்த கணக்கு இது. பிள்ளையையாவது காப்பாற்றலாம் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். உண்மையில் அது முதலில் தாய்க்காகச் செய்வது. கருப்பை காலியானால்தான் அவள் இதயத்துக்கு ரத்தம் தடையில்லாமல் திரும்பும்.

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு பிரசவ வார்டின் அவசர டிராலியிலும் ஒரு பிளேடும் தொப்புள்கொடிக்கு இரண்டு கிளாம்பும் தனியாகக் கட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை, அதுவும் இரவு டியூட்டியில், ஒத்திகை நடத்துங்கள். நிமிடத்தை உரக்கச் சொல்ல மட்டும் ஒருவரை நிறுத்துங்கள். ஒத்திகைக்கு ஆள் போதவில்லை என்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தருமபுரி