பிளாஸ்திரியோடு உரிந்து வந்த தோல்

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். லேசாக உரசினாலே தோல் கொப்பளித்து உரியும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா நோயைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மகளுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு அந்த நோய்.

போன மாதம் ஒரு தனியார் கிளினிக்கில் அவளுக்கு 'ஸ்டெம் செல்', அதாவது வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல், ஏற்றினார்கள். நகையை அடகு வைத்து இரண்டரை லட்சம் கட்டினோம். ட்ரிப்ஸ் ஊசி அசையாமல் இருக்க, என் மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சாதாரண பிளாஸ்திரியை ஒட்டினார்கள். கடைசியில் அதை இழுத்தபோது மணிக்கட்டுத் தோலும் கூடவே வந்தது. இந்தப் பிள்ளைகள் மேல் பிளாஸ்திரி ஒட்டக் கூடாது என்பது நோயின் பெயர் தெரிந்த எவருக்கும் தெரியும். வீட்டில் வாஸ்லைன் துணி வைத்து, மேலே பேண்டேஜ் சுற்றி முடிச்சுப் போடுவோம். கட்டு மாற்ற இரண்டு மணி நேரம். ஒட்டிய இடத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, ஊறவைத்து எடுப்போம். அதற்கே, "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடும்மா" என்பாள். கிளினிக்கில் அன்று கெஞ்சவும் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்தக் கிளினிக்காரர்கள் எங்களை நம்ப வைத்தது ஒரு உண்மைச் செய்தியைக் காட்டித்தான். 2015-ல் ஜெர்மனியின் போஹும் நகரில், இதே நோயால் தோலில் பெரும்பகுதியை இழந்து கிடந்த ஏழு வயது சிரியச் சிறுவனைக் காப்பாற்றினார்கள். அவனுடைய தோலிலிருந்தே சிறு துண்டு எடுத்து, அதன் செல்களில் பிழையில்லாத மரபணுவைச் சேர்த்து, இத்தாலியின் மொடேனாவில் தாள் தாளாக வளர்த்து, உடம்பின் 80 சதவீதத்தை மூடினார்கள். அது அவன் தோல். என் மகளுக்குப் பாட்டிலில் ஏறியது யாருடைய செல் என்று கேட்டேன், பதில் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 ஸ்டெம் செல் நெறிமுறை உங்களுக்குத் தெரியும். ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே மனிதருக்குக் கொடுக்கலாம். அதற்குப் பணமும் வாங்கக் கூடாது. அப்படியானால் எங்களிடம் ரசீது போட்டு வாங்கியது என்ன? உங்கள் துறையிடம் பதிவு பெற்றுத்தான் கிளினிக்குகள் நடக்கின்றன. ஸ்டெம் செல் என்று விளம்பரம் செய்யும் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பாருங்கள், நிறுத்துங்கள்.

இப்படிப்பட்ட மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு இணையத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பேருந்து நிலைய விளம்பரப் பலகை தமிழில் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் எதைப் படிப்போம்? "இதுக்கு மருந்து இல்லம்மா" என்று இரண்டே நிமிடத்தில் எங்களை அனுப்பிவிட்ட மருத்துவர்கள், ஏமாறாதீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். புகார் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. கையில் இருப்பது ஒப்புகைச் சீட்டு மட்டும்.

சரி, கோபத்தில் அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கேட்டு இதை எழுதவில்லை. அந்தக் கிளினிக் இன்றும் திறந்திருக்கிறது, இன்றும் யாரோ ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்